மணலுக்கடியில் ஓடிய ஆறு

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பயணம் செய்வோர் பள்ளிகொண்டாவை அறிவர். ஆனால் அவர்கள் அறிந்திருப்பது அங்குள்ள சுங்கச்சாவடியை மட்டுமே. சாலையை ஒட்டியே ஓர் ஆறு கிடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கவனித்தாலும் அதனை ஆறு என்று எண்ணுவதில்லை. அகன்ற மணற்பரப்பு, சீமைக்கருவேலம் புதர், ஆங்காங்கே கறுத்த குட்டை. சென்ற ஆண்டு மறைக்கல்வி வகுப்பில் பாலாறு என்று நான் குறிப்பிட்டபோது, ஒரு சிறுவன் எழுந்து, "சாமி, அது ஆறா, மைதானமா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றிரவு அக்கேள்வி என்னை உறங்கவிடவில்லை. இக்கட்டுரை அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை.

பாலாறு பெரிய ஆறு அன்று. காவிரியின் நீளம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர்; பாலாற்றின் நீளம் 348 கிலோமீட்டர்தான். ஆயினும் சிறியது என்று எளிதில் ஒதுக்கிவிடவும் வேண்டாம். நம் ஆண்டவர் திருமுழுக்குப் பெற்ற யோர்தான் இதனினும் குறுகியது. ஏறத்தாழ 250 கிலோமீட்டரே. ஆராமியப் படைத்தலைவன் நாமான் அந்த யோர்தானைக் கண்டு முகம் சுளித்து, தமஸ்கு நகரத்து ஆறுகள் இதைவிடச் சிறந்தவை அல்லவா என்று சினந்தான் என்பதை அரசர்கள் இரண்டாம் நூலில் வாசிக்கிறோம். ஆற்றின் பெருமையை நீளத்தை வைத்து அளந்த முதல் மனிதன் அவன் அல்லன். கடைசி மனிதனும் அல்லன்.

கர்நாடக மாநிலத்தில் நந்திமலை என்றொரு குன்று உண்டு. வடபெண்ணை, தென்பெண்ணை, சித்ராவதி, அர்க்காவதி, பாலாறு ஆகிய ஐந்து ஆறுகளும் அதனைச் சுற்றியே பிறக்கின்றன. பாலாறு அங்கிருந்து கோலார் நிலப்பகுதி வழியாக 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் குப்பத்தை அடுத்து 33 கிலோமீட்டரும் நடந்து, புல்லூருக்கு அருகே தமிழகத்தில் நுழைகிறது. எஞ்சிய 222 கிலோமீட்டரும் நம்முடையது. வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம், வேலூர், ஆர்க்காடு, வாலாஜா, காஞ்சிபுரம், செங்கல்பட்டு என ஊர்களை வரிசையாகத் தொட்டுச் சென்று, கல்பாக்கத்திற்குத் தெற்கே வயலூர் அருகில் வங்கக் கடலை அடைகிறது. வழியில் மலட்டாறு, கௌண்டன்ய மகாநதி, பொன்னை, செய்யாறு, வேகவதி ஆகியவை அதனோடு கலக்கின்றன. பாலாறு என்று பெயர் பெற்ற ஆற்றில் மலட்டாறு என்று பெயர் பெற்ற ஆறு வந்து கலப்பதை என் பாட்டி ஒரு வேடிக்கையாகச் சொல்லுவார். பாலும் மலடும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன என்பார்.

இந்த ஆற்றின் இயல்பைப் புரிந்துகொள்ள மேலே ஓடும் நீரைப் பார்த்துப் பயனில்லை. ஆண்டில் சில நாள்களே அது கண்ணுக்குத் தெரிய ஓடும். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் ஐப்பசி, கார்த்திகையில் இரு கரையும் புரளும். பிறகு மார்கழிக்குள் வற்றிவிடும். ஆனால் வற்றியது மேல்நீர் மட்டுமே. ஆற்றின் உண்மையான ஓட்டம் மணலுக்கு அடியில் இருந்தது. ஆழ்ந்து கிடந்த பருமணல் வெள்ளத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடை முழுவதும் சிறிது சிறிதாகக் கீழ்த்திசைக்குக் கடத்தியது. காவிரிக் கரையில் வாழ்ந்தவன் வெள்ளத்தை நம்பினான். பாலாற்றுக் கரையில் வாழ்ந்தவன் மணலை நம்பினான்.

எழுபதுகளில் நான் சிறுவனாக இருந்தபோது, பங்குனி மாதத்தில் பாட்டியோடு ஆற்றுக்குச் செல்வேன். குடத்தைக் கரையில் வைத்துவிட்டு, அவர் முழங்கை ஆழத்திற்கு மணலைத் தோண்டுவார். முதலில் கலங்கிய நீர் கசியும். அதனைக் கொட்டாங்கச்சியால் முகந்து வெளியே வீசுவார். இரண்டாம் முறை ஊறுவது சற்றுத் தெளியும். மூன்றாம் முறை ஊறிய நீரைத்தான் குடத்தில் ஊற்றுவார். அவசரப்பட்டு இரண்டாவதை நான் முகந்தால் கையில் ஓர் அடி விழும். அந்த நீரின் இனிப்பை இன்று எவ்வாறு விளக்குவேன்? புட்டிகளில் விற்கும் நீரில் அந்தச் சுவை இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

பாட்டி குடத்திற்குச் செய்ததையே உழவர்கள் வயலுக்குச் செய்தனர். அதற்கு ஊற்றுக்கால் என்று பெயர். வெள்ளம் வடிந்ததும் ஊரார் கூடி ஆற்றுமணலில் நீளமாகக் கால்வாய் வெட்டுவர். மணலில் ஊறும் நீர் அதில் சேர்ந்து, கரையேறி, வயலுக்கும் ஏரிக்கும் போகும். அடுத்த வெள்ளம் வந்து கால்வாயை மூடிவிடும். மீண்டும் ஊரார் கூடி வெட்டுவர். எந்த வீட்டார் எத்தனை ஆள் அனுப்ப வேண்டும், எவருக்கு எத்தனை நாழிகை நீர் என்பதெல்லாம் வாய்மொழிச் சட்டம். இவ்வுழைப்பிலும் நீர்ப்பங்கிலும் சாதி ஏற்றத்தாழ்வு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. மணல் வாரியவர்கள் அனைவருக்கும் நிலம் இருக்கவில்லை. பழங்காலத்தைப் பொற்காலமாக்கி எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கு அது பொருந்தாது. ஆயினும் இருப்பதைக் கொண்டு வாழும் ஓர் அறிவு அதில் இருந்தது. மின்சாரப் பம்புசெட்டுகள் பெருகியபின் ஊற்றுக்கால்கள் தூர்ந்தன. ஆளுக்கொரு கிணறு வந்ததும் ஆறு எவருக்கும் பொதுவாக இல்லாமற் போயிற்று.

மணலை நம்பும் இவ்வழக்கத்தோடு, ஏரிகளை நம்பும் வழக்கமும் தொன்மையானது. பல்லவர்கள் பாலாற்றிலிருந்து கால்வாய்கள் வெட்டி ஏரிகளை நிரப்பினர். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு வாய்க்காலையும், அது நிரப்பிய பரமேசுவரத் தடாகத்தையும் குறிப்பிடுகின்றது. காவேரிப்பாக்கம் பேரேரியும் பல்லவர் காலத்தது. செய்யாறும் வேகவதியும் பாலாற்றில் கலக்கும் திருமுக்கூடலில் உள்ள பெருமாள் கோயிலில், பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, அதற்கு மருத்துவர், அறுவை செய்பவர், செவிலியர், இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகள் என அது விரித்துரைக்கிறது. மருத்துவமனை என்பதே மிஷனரிகளோடுதான் இந்நாட்டிற்கு வந்தது என்று எண்ணும் நம்மவர்கள் ஒருமுறை அங்குச் சென்று வருதல் நலம்.

பள்ளிகொண்டாவின் பெயருக்கே ஆற்றோடு தொடர்புடைய கதை ஒன்று உண்டு. காஞ்சியில் பிரம்மன் செய்த வேள்வியை அழிக்கக் கலைமகள் வெள்ளமாகப் பெருகி வந்தாள் என்றும், திருமால் அவ்வெள்ளத்தின் குறுக்கே மூன்று இடங்களில் படுத்துத் தடுத்தார் என்றும் தலபுராணம் கூறும். முதலில் படுத்த இடம் பள்ளிகொண்டா. அடுத்தது காவேரிப்பாக்கத்தை அடுத்த திருப்பாற்கடல். மூன்றாவது காஞ்சியின் திருவெஃகா. இங்குள்ள உத்தர ரங்கநாதர் கோயிலில் இன்றும் அவர் கிடந்த கோலத்தில் காட்சி தருகிறார். நான் மறையுரையாளனே ஒழியப் புராண ஆய்வாளன் அல்லன். ஆனால் அண்டை வீட்டாரின் கதையை மதிப்போடு கேட்பதில் நமக்கு ஊதியமே உண்டு. இக்கதையைக் கட்டியவர்கள், கடவுளே தம் உடலைக் குறுக்கே இட்டாலன்றி நிற்காத வெள்ளத்தைக் கண்டவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

அக்கதையில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கலாம் என்பது என் ஊகம். இந்த ஆறு தன் பாதையை மாற்றிக்கொண்ட ஆறு. இன்றைய கொசஸ்தலையாற்றுக்கு 'விருத்த க்ஷீர நதி' என்றொரு பழம்பெயர் உண்டு. முதிய பாலாறு என்பது அதன் பொருள். வாலாஜாவைக் கடந்ததும் பாலாறு ஒரு காலத்தில் வடகிழக்கே திரும்பி, சென்னைக்கு வடக்கே கடலில் கலந்தது என்று நில இயலாரும் கருதினர். இன்றும் காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீர் கொசஸ்தலைக்கே செல்கிறது; அதிலிருந்து கேசவரம் அணையில் பிரிவதே கூவம். பூவிருந்தவல்லிக் குருமடத்தில் நான் பயின்ற ஆண்டுகளில், மாலை நடையில் கூவத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வோம். எங்கள் ஊர் ஆற்றின் பழைய உறவினரைத்தான் அவ்வாறு அவமதித்தேன் என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே அறிந்தேன்.

வெள்ளத்திற்கு வருவோம். ஆர்க்காட்டுக்கும் வாலாஜாவுக்கும் அருகே ஆங்கிலேயர் 1850களில் பாலாற்றின் குறுக்கே அணைக்கட்டு ஒன்றைக் கட்டினர். 1874ஆம் ஆண்டு வெள்ளம் அதைச் சேதப்படுத்தியது. 1903இல் வந்தது அதனினும் கொடியது. அவ்வாண்டு நவம்பரில் மைசூர் நாட்டில் பேத்தமங்கலம் உள்ளிட்ட ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. நவம்பர் 12 அன்று அந்த நீர் முழுவதும் வாணியம்பாடியின் மீது இறங்கியது. ஊரின் பெரும்பகுதி அழிந்தது; ஏறத்தாழ இருநூறு பேர் மாண்டனர். அவர்களுக்கு வாணியம்பாடியில் நினைவுத்தூண் ஒன்று நிற்கின்றது. நவம்பர் மாதத்தை இறந்தோருக்கென ஒதுக்கியிருக்கும் நாம், அந்த இருநூறு பேரையும் ஒரு திருப்பலியில் நினைக்கலாம் என்று என் பங்கில் சொல்லி வருகிறேன்.

மேலே உள்ளவர் ஏரியைக் கட்டினால் கீழே உள்ளவர் வயல் காயும். மேலே ஏரி உடைந்தால் கீழே உள்ளவர் மடிவர். இதனை உணர்ந்துதான் 1892இல் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பட்டியலிட்ட ஆறுகளில் சென்னையின் இசைவின்றி மைசூர் புதிய நீர்த்தேக்கம் கட்டலாகாது என்பது அதன் சாரம். அப்பட்டியலில் பாலாறும் உண்டு. பிற்காலத்தில் வழக்கு ஆந்திரத்தோடு மூண்டது. குப்பம் அருகே கணேசபுரத்தில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்துத் தமிழகம் 2006இல் உச்சநீதிமன்றம் சென்றது. 2016இல் புல்லூர்த் தடுப்பணையின் உயரம் 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தப்பட்டது. குப்பத்து உழவனுக்கும் தாகம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீர் வரவில்லை என்று அண்டை மாநிலத்தைச் சுட்டும் நம் விரல், வந்த நீரை நாம் என்ன செய்தோம் என்ற கேள்வியைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறது.

அக்கேள்விக்கு வராமல் பாலாற்றைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. தோல் பதனிடுதல் இப்பகுதிக்குப் புதிதன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதப்படுத்திய தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டனுக்குச் சென்றது. பட்டை நீரும் நாறத்தான் செய்யும். ஆனால் மண் அதைத் தாங்கியது. குரோமிய உப்பால் பதனிடும் முறையை ஆல்பிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் சென்னையில் அறிமுகப்படுத்தினார். எனினும் அம்முறை பாலாற்றங்கரையில் பெருகியது எழுபதுகளுக்குப் பின்னர்தான். அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதால் நாட்டிற்கு இழப்பு என்று 1972இல் சீதாராமய்யா குழு கூறியது. அதனை அடுத்து மைய அரசு அத்தகைய ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. வருவாய் பெருகியது, வேலை பெருகியது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எங்கும் தொழிற்சாலைகள் எழுந்தன. கழிவுநீர் மட்டும் போகும் வழியை எவரும் கேட்கவில்லை. அது மணலுக்குப் போயிற்று.

குரோமியத்தைப் பற்றிப் பலரும் பேசுவர். உப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன்மீது உப்பை அள்ளி இறைப்பர். பதனிடத் தொடங்குமுன் அதைக் கழுவி நீக்குவர். குரோமியத்தைச் சேற்றோடு படியவைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பு எளிதில் பிரியாது. நீர் போகும் இடமெல்லாம் போகும். வெள்ளத்தைச் சேமித்து வைத்த அதே மணல் உப்பையும் சேமித்து வைத்தது. ஆற்றின் எந்தக் குணம் நம்மைக் காத்ததோ, அதே குணத்தின் வழியாகவே நஞ்சும் கிணறுகளுக்குள் இறங்கியது. தென்னைகள் குரும்பையிலேயே உதிர்த்தன. எங்கள் உறவினர் ஒருவர் மூன்று தலைமுறை நெல் விளைந்த கழனியைத் தரிசாகப் போட்டுவிட்டு, ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். தம் நிலத்தைக் கெடுத்த தொழிலே தமக்குச் சோறு போட்டது என்று அவர் சொல்லும்போது சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமாகவே இல்லை.

இங்குள்ள பங்குத் தந்தையின் இக்கட்டும் அதுதான். ஞாயிறு திருப்பலியில் ஒரு வரிசையில் கிணறு கெட்ட உழவர். அடுத்த வரிசையில் தோல் கிடங்கில் உப்புத் தோலைச் சுமக்கும் தொழிலாளி. பின்னால் காலணித் தொழிற்சாலையில் தைக்கும் இளம் பெண்கள் இருபது பேர். தொழிற்சாலையை மூடு என்று நான் முழங்கினால், அடுத்த மாதம் அப்பெண்களின் வீட்டில் அடுப்பு எரியாது. பேசாமலிருந்தால், உழவரின் முகத்தைப் பார்த்து 'சமாதானம் உங்களோடு' என்று எப்படிச் சொல்வேன்? தொழிலாளர்களிலும் மிகக் கடினமான வேலை எவர் தலையில் விழுந்தது என்பதை இவ்வூரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் இக்கொடுமையை உச்சநீதிமன்றத்திற்கு எடுத்துச் சென்றது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா வாதாடினார். நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 எக்டர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போனதை அத்தீர்ப்பு பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதும், கேடு வருமுன்னரே காக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. சட்டக் கல்லூரிகளில் 'வேலூர் வழக்கு' என்றே அதனைப் பாடமாகப் படிக்கின்றனர். நம் ஊரின் கேடு ஒரு நாட்டிற்கே சட்டம் தந்தது. ஊருக்கு என்ன கிடைத்தது? தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001 மார்ச்சில் 547 தொழிற்கூடங்கள் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் தரவேண்டும் என்று கணக்கிட்டது. தலைக்குப் பங்கிட்டுப் பாருங்கள்: பத்தாயிரம் ரூபாய்கூட வராது. அதுவும் பலருக்கு எட்டவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, ஈட்டுத்தொகை பெறாதோருக்கு ஆறு வாரத்திற்குள் அரசு வழங்கி, மாசுபடுத்தியவரிடமிருந்து அதனை வசூலிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைக்கவும் கூறியது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள். அந்த இடைவெளியில் மனுப்போட்ட முதியவர் சிலரை நானே அடக்கம் செய்திருக்கிறேன்.

இதற்கிடையில் தொழிற்கூடங்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. கழிவுநீரை வெளியே விடாது மீண்டும் பயன்படுத்தும் முறையும் வந்தது. முன்னைய நிலைக்கு இது முன்னேற்றமே. ஆனால் மணலே போய்விட்டது. வீடுகளுக்கும் மேம்பாலங்களுக்கும் என இரவு பகலாக லாரிகள் அள்ளிச் சென்றதில், பல இடங்களில் களிமண் தெரிகிறது. களிமண் வெள்ளத்தைக் குடிப்பதில்லை. உப்பைக் கழுவிவிட நல்ல வெள்ளம் வேண்டும். வெள்ளத்தைத் தாங்க மணல் வேண்டும்.

2021 நவம்பரில் வெள்ளம் வந்தது. வாலாஜா அணைக்கட்டில் விநாடிக்கு ஓர் இலட்சம் கன அடிக்கு மேல் நீர் பாய்ந்தது. 1903க்குப் பின் இவ்வளவு பெரிய வெள்ளத்தைக் கண்டதில்லை என்றனர். அந்நாள்களில் பேரணாம்பட்டில் மழையால் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்த துயரமும் நிகழ்ந்தது. பள்ளிகொண்டாவில் மக்கள் குடையோடு கரையில் நின்று ஆற்றைப் பார்த்தனர். செந்நிற நீர், மரங்களையும் குடிசைக் கூரைகளையும் சுமந்துகொண்டு, இரு கரைக்கும் நிறைந்து போயிற்று. பாலாற்றில் நீர் ஓடுவதைத் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் காண்கிறேன் என்று ஓர் இளம் தாய் சொன்னார். பக்கத்தில் நின்ற முதியவர் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். அவர் எந்தச் சமயத்தவர் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளம் வடிந்து நான்கு மாதங்கள் கழித்து, பங்குனியில், கழனியைத் தரிசாகப் போட்ட அந்த உறவினர் ஒரு புட்டியில் தம் கிணற்று நீரைக் கொண்டுவந்தார். முப்பது ஆண்டுகளாக அவர் அதை வாயில் வைத்ததில்லை. பங்கு இல்லத் திண்ணையில் இருவரும் அமர்ந்தோம். அவர் ஒரு மிடறு குடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். குடித்தேன்.

"எப்படிங்க சாமி?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் கரிக்குது" என்றேன்.

"ஆமாங்க, கொஞ்சம்தான்" என்று சொல்லிவிட்டு, மிச்ச நீரைக் கீழே கொட்டாமல் புட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார்.